சிங்கப்பூர் சைட்டில் ஃபோர்க்லிஃப்ட்: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்பது வருடம் சிங்கப்பூர் சைட்டுகளில் இருந்தேன். முதல் நாலு வருடம் ஜெனரல் வொர்க்கர், மீதி ஐந்தும் ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் இரண்டு இரும்புக் கரம் வைத்துச் சரக்கைத் தூக்கும் வண்டி) டிரைவர். ஊருக்கு வந்து செட்டில் ஆன பிறகும் வாட்ஸ்அப்பில் கேள்வி நிற்கவில்லை. "அண்ணே, கால் மேல வண்டி ஏறிடுச்சு, கம்பெனி கிளினிக்ல ரெண்டு நாள்தான் எம்சி குடுத்தாங்க, என்ன பண்றது?" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். எம்சி என்றால் டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசி வாய் வலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். முதல் பாதி வண்டியைப் பற்றி, இரண்டாம் பாதி அடிபட்ட பிறகு நடப்பதைப் பற்றி. சட்டம் சம்பந்தமாகச் சொல்வதெல்லாம் சிங்கப்பூருக்கு மட்டும்தான். துபாயிலோ கத்தாரிலோ இருப்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம், வண்டி எங்கே போனாலும் ஒரே வண்டிதான்.

கார், டிராக்டர் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் என்ன பெரிய விஷயமா?

அந்த நினைப்போடு ஏறுகிறவர்கள்தான் முதலில் அடுத்தவன் காலை நசுக்குகிறார்கள். கார் முன் சக்கரத்தில் திரும்பும், ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தில் திரும்பும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் மூக்கு இடப்பக்கம் போகும், ஆனால் பின்பக்கம் வலப்பக்கமாக வெளியே வீசும். எடைக்காக இரும்பை வார்த்து வைத்திருக்கும் அந்தக் குண்டுப் பின்பக்கம் எவ்வளவு வேகமாக வீசும் என்பது பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் என்னோடு ஒரே ரூமில் இருந்த ஒரு பங்களாதேஷ்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். டைல்ஸ் பேலட்டை (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டு) லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாய் வண்டிக்குப் பின்னால், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று பேலட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். லோடு அவரை விட்டு விலகிப் போகிறது என்பதால் அவருக்குப் பயமே இல்லை. டிரைவர் முன்பக்கம் லாரியைப் பார்த்தபடி ஒரு ஒடி ஒடித்தார். பின் சக்கரம் பாயின் வலது பாதத்தில் ஏறி இறங்கியது. சேஃப்டி ஷூவின் முன்பக்கம் இருக்கும் இரும்புத் தொப்பி விரல்களைக் காப்பாற்றிவிட்டது, தொப்பிக்குப் பின்னால் பாதத்தின் நடுவில் இருக்கும் எலும்புகள் மூன்று உடைந்தன. அவர் கத்தக்கூட இல்லை. உட்கார்ந்து, கையிலிருந்த கணக்கு அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்க்காதே என்று யாரோ கத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாய் கதை இன்னும் இருக்கிறது, கீழே வரும்.

எடையையும் மறக்கக்கூடாது. 2.5 டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடையே மூன்றரை, நாலு டன் வரும். சின்னக் கார் மூன்றைச் சேர்த்தால்தான் அந்த எடை.

2.5 டன் என்று வண்டியில் எழுதியிருக்கிறது. அப்போ 2.5 டன் வரை எதையும் தூக்கலாம்தானே?

இல்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைக் கிட்டப் போய்ப் படியுங்கள். 2,500 கிலோ என்பதற்குப் பக்கத்தில் 500 மி.மீ. என்று இருக்கும். லோடின் எடை மையம் ஃபோர்க்கின், அதாவது தூக்கும் இரும்புக் கரத்தின், நிமிர்ந்த பகுதியிலிருந்து 500 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் 2,500 கிலோ என்று அர்த்தம். ஒரு மீட்டர் அகல, ஒரு மீட்டர் நீளப் பேலட்டில் டைல்ஸை ஒழுங்காக அடுக்கி, ஃபோர்க்கை முழுதாக உள்ளே விட்டால் மையம் சரியாக அங்கே வரும்.

சைட்டில் அப்படியா லோடு வருகிறது? இரண்டு மீட்டர் ஆழமான ஒரு மரப்பெட்டியை நீளவாக்கில் எடுத்தால் மையம் 1,000 மி.மீ.க்குப் போய்விடும். சீசா விளையாட்டுதான் இது, முன் சக்கரம்தான் நடுக்கட்டை, லோடு ஒரு பக்கம், வண்டியின் பின் எடை மறுபக்கம். நம் பக்கத்து ஆள் கட்டையின் நுனிக்குத் தள்ளி உட்கார்ந்தால் அதே எடை இன்னும் அழுத்தும் அல்லவா, அதே கணக்கு. சாதாரணமான ஒரு 2.5 டன் வண்டியில் மையம் ஒரு மீட்டருக்குப் போனால் தாங்கும் எடை தோராயமாக 1,600, 1,700 கிலோவுக்கு இறங்கிவிடும். வண்டிக்கு வண்டி இது மாறும், அதனால் என் கணக்கை நம்பாமல் தகட்டையே நம்புங்கள். தகடு கிழிந்தோ பெயின்ட் அடித்தோ போயிருந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

பின்னால் இரண்டு பேரை ஏற்றி நிற்க வைத்து எடை கூட்டுகிற வித்தையையும் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனியர் டிரைவர், ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார். கண்ணால் பார்த்தாலும் பழகாதீர்கள்.

லோடு இல்லாத காலி வண்டி கவிழாதுதானே?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

தரையில் ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு முன் சக்கரங்களும் இரண்டு மூலை. மூன்றாவது மூலை பின் அச்சின் நடுப்புள்ளி, அங்கேதான் அச்சு வண்டியோடு ஊஞ்சல் மாதிரி இணைந்திருக்கிறது. சக்கரம் நாலு இருந்தாலும் வண்டி நிற்பது இந்த மூன்று புள்ளியில்தான். மொத்த எடை மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை வண்டி நிற்கும், வெளியே போனால் சாயும். லோடு இருக்கும்போது மையம் முன்னால், முக்கோணம் அகலமாக இருக்கும் இடத்துக்கு வரும். காலியாக இருக்கும்போது பின்னால், முக்கோணம் குறுகும் இடத்துக்குப் போகும். அதனால் பக்கவாட்டில் சாய்வதற்குக் காலி வண்டிதான் சீக்கிரம் தயாராக இருக்கிறது. அதோடு காலி வண்டி என்றால் நம்மாட்கள் விரட்டுவார்கள், மாஸ்ட்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் முன்பக்கத் தூண்) மேலே தூக்கியபடியே திருப்புவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இதெல்லாம் கட்டாயம் நடக்கும்.

லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோர்க் தரையிலிருந்து 15, 20 செ.மீ. உயரத்தில், மாஸ்ட் கொஞ்சம் பின்னால் சாய்ந்து. ஓடும்போது அவ்வளவுதான்.

கவிழ ஆரம்பித்துவிட்டால் குதித்துத் தப்பிக்கலாமா?

வேண்டாம். குதிக்கிறவர் விழுவதும் வண்டியின் தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூண்டு விழுவதும் ஒரே இடத்தில்தான். கவிழ்ந்து செத்தவர்களில் நிறையப் பேர் சீட்டில் இருந்து சாகவில்லை, சீட்டை விட்டுக் குதித்து, அந்தக் கூண்டுக்கு அடியில் போய்ச் செத்தார்கள். பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை வண்டிக்குள் இருக்கும் தரையில் அழுத்தி, வண்டி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். மனசு குதி குதி என்றுதான் சொல்லும். பெல்ட் போட்டிருந்தால் மனசு சொன்னாலும் உடம்பு போகாது, பெல்ட்டின் பாதிப் பயனே அதுதான். நின்றபடி ஓட்டும் சில கிடங்கு வண்டிகளுக்கு முறை வேறு, இது உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு.

சரிவில் எப்படி?

லோடு இருந்தால் லோடு எப்போதும் மேட்டுப்பக்கம். ஏறும்போது முன்னால் ஏறலாம், இறங்கும்போது ரிவர்ஸில் இறங்க வேண்டும். காலி வண்டிக்கு நேர் தலைகீழ், ஃபோர்க் பள்ளப்பக்கம் பார்க்க வேண்டும். சரிவில் திரும்பவே கூடாது. மழை பெய்த பிறகு மண் ரேம்ப்பில் சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டை விடவும் கூடாது, அதற்குப் பெரிய டயர் போட்ட வேறு வண்டி இருக்கிறது. பள்ளத்தை மூடிய இரும்புத் தகட்டில் ஏறுவதற்கு முன் அது எத்தனை டன் தாங்கும் என்று கேளுங்கள். லோடோடு போகும்போது மொத்த எடையின் பெரும்பகுதி இரண்டு முன் சக்கரத்தில்தான் இறங்குகிறது.

லோடு உயரமாக இருக்கிறது, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகப் போனால் போதாதா?

மணிக்கு 10 கி.மீ. மெதுவான வேகம்தான், சைக்கிளே அதைவிட வேகமாகப் போகும். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு 2.8 மீட்டர். ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும் என்று வையுங்கள், பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே இரண்டே முக்கால் மீட்டர் போய்விட்டது. லோடோடு திடீர் பிரேக் அடித்தால் லோடு முன்னால் சரியும், அது தனிக் கதை.

முன்னால் மறைத்தால் ரிவர்ஸில் போங்கள், கழுத்து வலிக்கும், பரவாயில்லை. ஏற்றத்தில் ரிவர்ஸ் முடியாது, அங்கே கைகாட்ட ஆள் வேண்டும். கைகாட்டுகிறவர் கண்ணிலிருந்து மறைந்த அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். இது எங்கள் சைட்டில் எழுதி வைத்த விதி, ஆனால் ஐந்து வருடத்தில் இதை ஒழுங்காகச் செய்த டிரைவர் என்று நான் பார்த்தது இரண்டே பேர். அதில் நான் ஒருவன் என்று சொல்ல ஆசைதான், பொய் சொல்ல மனசில்லை.

ஃபோர்க்கில் பேலட்டை வைத்து அதில் ஆளை ஏற்றி மேலே லைட் மாட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. பேலட்டுக்குக் கைப்பிடி கிடையாது, ஃபோர்க்கில் அதைக் கட்டிப்போட எதுவும் கிடையாது, ஆளின் கை மாஸ்ட் சங்கிலிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சிசர் லிஃப்ட் (ஆளை மேலே தூக்கும் மேடை வண்டி) வரும் வரை காத்திருங்கள். "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று சொன்னால், அஞ்சு நிமிஷ வேலைக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேளுங்கள்.

நான் டிரைவர் இல்லை, சும்மா நடந்து போகிறவன். எனக்கு என்ன?

அடிபடுவது பெரும்பாலும் நீங்கள்தான். டிரைவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது, உங்களைச் சுற்றி ஒரு ஆரஞ்சு வெஸ்ட் இருக்கிறது.

சிங்கப்பூரில் 2024ல் வேலையிடத்தில் இறந்தவர்கள் 43 பேர், அதில் 20 பேர் கட்டுமானத்தில். அந்த வருடச் சாவுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று வாகன விபத்து. ஃபோர்க்லிஃப்ட் மட்டும் இல்லை, லாரி, எக்ஸ்கவேட்டர் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கதை ஒன்றுதான், டிரைவர் பார்க்கவில்லை, ஆள் எதிர்பார்க்கவில்லை.

நான் பழகிக்கொண்டது மூன்று. வண்டிக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்றால் டிரைவர் கண்ணைப் பார்ப்பேன், அவர் தலையாட்டும் வரை நகரமாட்டேன். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் நிற்கவே மாட்டேன், ஒரு நிமிடத்துக்குக்கூட. அப்புறம் தூக்கிய ஃபோர்க்குக்கு அடியில் சில்லறை விழுந்தாலும் எடுக்கப் போகமாட்டேன். தரையில் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டு வரும் வண்டி சில சைட்டில் இருக்கும், நல்ல ஏற்பாடு, ஆனால் திறந்தவெளியில் மதிய வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது.

பேஸ்மென்ட்டில் டீசல் வண்டி ஓட்டலாமா?

காற்றோட்டம் இல்லாத இடத்தில் வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் குமட்டலும் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு வந்தால் காலையில் சாப்பிட்ட பொட்டலத்தைக் குறை சொல்லாமல் எல்லோரும் மேலே வாருங்கள்.

எனக்கு ஃபோர்க்லிஃப்ட் சர்டிஃபிகேட் இல்லை. சூப்பர்வைசர் "சும்மா அந்தப் பக்கம் நகர்த்தி வை" என்கிறார்.

பயிற்சி முடிக்காமல் ஓட்டக்கூடாது. ஊரில் மில்லிலோ குடோனிலோ ஓட்டிய அனுபவம் இங்கே செல்லாது, இங்கே பயிற்சி முடித்துத்தான் ஏற வேண்டும். நேரடியாக முடியாது என்று சொல்லக் கஷ்டம், எனக்கும் தெரியும். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் பாதி இருக்கும்போது யாருக்கும் வாய் வராது. நான் சொன்ன பதில் இது: "பாஸ், எனக்கு சர்டிஃபிகேட் இல்ல, எம்.ஓ.எம். வந்தா உங்களுக்குத்தான் பிரச்சினை." அவர் நன்மைக்குச் சொல்வது போல இருக்கும், மறுத்தது போலவும் ஆகிவிடும். சாவியை வண்டியிலேயே விட்டுப் போகும் பழக்கம்தான் இதற்கு மூலகாரணம், சாவியை எடுத்து வைத்தாலே பாதிப் பேர் கேட்கமாட்டார்கள்.

எம்.ஓ.எம். என்றால் மனிதவள அமைச்சு. 2024 ஜூனிலிருந்து 50 லட்சம் வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமான சைட்டுகளில் வீடியோ கேமரா கட்டாயம், அதனால் "யாரும் பார்க்கல" என்ற பேச்சு முன்னைப்போல் எடுபடாது. ஆபத்தான இடத்தைப் படம் எடுத்து அமைச்சுக்கு அனுப்ப ஸ்னாப்சேஃப் என்று ஒரு வசதி இருக்கிறது. புகார் சொன்னதற்காக வேலையை விட்டு எடுப்பது சட்டப்படி தப்பு. சட்டப்படி தப்பு என்பதால் நடக்காது என்று சொல்லமாட்டேன்.

அடிபட்டுவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பலமான அடி என்றால் 995, ஆம்புலன்ஸ். கம்பெனி லாரியில் ஏற்றி டார்முக்கு (தொழிலாளர் விடுதி) கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்பார். அப்போது என்ன சொல்கிறீர்களோ அதுதான் எழுத்தில் இருக்கும், பிறகு வரும் எல்லாமே அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கும். "வேலை செய்யும்போது, சைட்டில், ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் காலில் ஏறியது." அவ்வளவுதான். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள், அங்கே கிடைப்பார்கள்.

பாய் கதைக்கு வருகிறேன். அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்த கம்பெனி ஆள் வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார், டார்ம் படிக்கட்டில் விழுந்தேன் என்று சொல், சம்பளம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று. பாய் அப்படியே சொன்னார். முதல் மாதம் சம்பளம் வந்தது, இரண்டாம் மாதம் பாதி, மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. பிறகு கேஸ் போடப் போனபோது, படிக்கட்டில் விழுந்த கால் எப்படி வேலையிட விபத்து ஆகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அங்கே பார்த்தவர்கள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம், மூன்று பேர் சாட்சிக்குப் பெயர் கொடுத்தோம். என்னைத் தவிர மற்ற இரண்டு பேரும் அதே கம்பெனியில் வேலை பெர்மிட் புதுப்பிக்கக் காத்திருந்தவர்கள், அவர்கள் சொன்னதுதான் பெரிய விஷயம். கேஸ் பாய் பக்கம் வந்தது, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது, அதுவும் ஒரே ஒரு வாக்கியத்தால்.

மற்றவை சின்ன வேலைகள். வண்டி நின்ற இடத்தைக் கூட இருக்கிறவர் யாராவது போட்டோ எடுக்கட்டும், வண்டி நம்பரோடு. பார்த்தவர்களின் பேர், போன் நம்பர். சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், இன்று இத்தனை மணிக்கு இப்படி ஆனது என்று. அவர் பதில் போடாவிட்டாலும் இரண்டு நீல டிக் போதும். எம்சி, ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள், போன் தொலைந்தாலும் அங்கே இருக்கும்.

தப்பு என் மேல்தான். கவனமில்லாமல் நின்றேன். எனக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும். வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தை நம்மாட்கள் விக்கா என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019ல் இயற்றி 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. வேலையில் இருந்தபோது, வேலையால் அடிபட்டதா, அதுதான் கேள்வி. குடித்துவிட்டு அடிபட்டது, சண்டையில் அடிபட்டது, வேண்டுமென்றே செய்துகொண்டது மாதிரியானவற்றுக்குத்தான் கிடைக்காது. உடல் உழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும்.

கேஸ் போட விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்.

எம்சியில் இருக்கும்போது சம்பளம்?

ஆஸ்பத்திரியில் படுக்காமல் எம்சி என்றால் முதல் 14 நாள் முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் முதல் 60 நாள் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஒரு வருடம் வரை. கணக்கு பேசிக்கை (அடிப்படைச் சம்பளம்) வைத்து இல்லை, விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரியை வைத்து, ஓடி (ஓவர்டைம்) சேர்த்து. பேசிக் 600 வெள்ளி, ஓடியோடு 1,000 என்றால் 1,000ஐ வைத்துத்தான் கணக்கு. பே ஸ்லிப்புகளை எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். வழக்கமான சம்பள நாளில் இதுவும் வர வேண்டும்.

மருத்துவச் செலவு கம்பெனிப் பொறுப்பு, 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை அல்லது ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை.

எத்தனை 'பாயிண்ட்' வரும் என்கிறார்களே, அது என்ன?

உடம்பில் நிரந்தரமாகப் போன சக்தி எத்தனை சதவீதம் என்று டாக்டர் போடும் எண். தேக்காவில் (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதி) ஞாயிற்றுக்கிழமை போனால் காதில் விழும், "எனக்கு எட்டு பாயிண்ட், அவனுக்கு பன்னெண்டு" என்று, பரீட்சை மார்க் பேசுவது போல.

40 வயதும் அதற்குக் கீழும் இருப்பவருக்குச் சராசரி மாத வருமானத்தை 181ஆல் பெருக்கி, அதில் அந்தச் சதவீதத்தை எடுப்பார்கள். 1,000 வெள்ளி வாங்கிய ஆளுக்கு 1,81,000, பத்து பாயிண்ட் என்றால் 18,100 வெள்ளி. வயது ஏற ஏற 181 குறையும், 66 வயதுக்கு 72. முழு ஊனத்துக்குக் குறைந்தது 1,16,000, அதிகம் 3,46,000 வெள்ளி. மரணம் என்றால் குடும்பத்துக்கு 91,000 முதல் 2,69,000 வரை. இவையும் 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு. அதற்கு முன்னால் நடந்தது என்றால் பழைய, குறைந்த தொகைதான். கேஸ் எப்போது முடிகிறது என்பது கணக்கில்லை, விபத்து நடந்த தேதிதான் கணக்கு.

காயம் முழுவதும் ஆறும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆறு மாதம் ஆனதும் அப்போதைய நிலையை வைத்தே மதிப்பிடலாம். தொகை சரியில்லை என்றால் அதைச் சொல்லும் கடிதம் வந்த 14 நாளுக்குள் ஆட்சேபணை சொல்ல வேண்டும். இந்த 14 நாளை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள், கடிதம் போன இடம் பழைய டார்ம்.

கம்பெனி ரிப்போர்ட் பண்ணவே மாட்டேன் என்கிறது. எதற்கு இவ்வளவு பயம்?

அவர்களுக்கும் ஒரு பாயிண்ட் இருக்கிறது, அதுதான். பாதுகாப்பு விதியை மீறிய கட்டுமானக் கம்பெனிக்கு அமைச்சு தண்டப் புள்ளி போடும். 18 மாதத்துக்குள் 25 சேர்ந்துவிட்டால் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்கத் தடை வரும். நமக்குப் பாயிண்ட் ஏறினால் பணம், அவர்களுக்கு ஏறினால் ஆள் கிடையாது. ரிப்போர்ட் பண்ணினாலே புள்ளி விழாது, விதியை மீறியது தெரிந்தால்தான் விழும், ஆனால் விசாரணையே வேண்டாம் என்று நினைக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள்.

எம்சி ஒரு நாள் கொடுத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை) கொடுத்தாலும் ரிப்போர்ட் பண்ணியே ஆக வேண்டும், பத்து நாளுக்குள். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி என்றால்தான் ரிப்போர்ட், அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதிசயமாக இரண்டு நாள், மூன்று நாள் எம்சியாகவே கிடைத்தது. அந்தப் பழக்கம் இன்னும் சில கிளினிக்கில் விட்டபாடில்லை. வலி குறையவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு நீங்களே போகலாம். கம்பெனி ரிப்போர்ட் பண்ணாவிட்டாலும் நீங்களே அமைச்சில் கேஸ் போடலாம்.

கேஸ் போட்டால் பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாமே?

பெர்மிட் கேன்சல் ஆகலாம், அது நடக்கிறது. ஆனால் கேஸ் நடக்கும்போது நீங்கள் தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அதுவரை தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டியது பழைய முதலாளிதான். கஷ்டம் என்னவென்றால் ஸ்பெஷல் பாஸில் சாதாரணமாக வேலை செய்ய முடியாது. ஊரில் மாதத் தவணை நிற்காது, இங்கே வருமானம் நின்றுவிடும். நிறையப் பேர் கேஸை விட்டுவிட்டு விமானம் ஏறுவது இதனால்தான், சட்டம் தெரியாமல் இல்லை. ஊருக்குப் போய்விட்டாலும் உரிமை போய்விடாது, கேஸைத் தொடரலாம். ஆனால் டாக்டர் மதிப்பீடு முடிந்த பிறகு போவது நல்லது.

கட்டாயப்படுத்தி ஏர்போர்ட் கொண்டுபோனால் இமிக்ரேஷன் கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் சொல்லுங்கள், எனக்கு வேலையிடக் காயக் கேஸ் இருக்கிறது, போக விருப்பமில்லை என்று.

வக்கீல் வைக்க வேண்டுமா?

விக்காவுக்குத் தேவையில்லை, இலவசம். சிவில் கேஸ் போட்டால் கூடுதல் பணம் கிடைக்கலாம், ஆனால் அங்கே முதலாளியின் தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றுதான். டீக்கடையில் வந்து "தம்பி, நல்ல வக்கீல் இருக்கார்" என்று கார்டு நீட்டுகிறவரிடம் அவருக்கு எத்தனை வெள்ளி கமிஷன் என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

யாரைக் கூப்பிடலாம்?

அமைச்சு 6438 5122. மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டர் 6536 2692. டி.டபிள்யூ.சி.2 என்று ஒரு தொண்டு அமைப்பும் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் கேஸுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அவர்கள் பல வருடமாக தேக்கா பக்கம் இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். பாயும் அங்கேதான் சாப்பிட்டார், சாயங்காலம் ஊன்றுகோலை வரிசையில் முன்னால் தள்ளித் தள்ளிக்கொண்டு நிற்பார்.

நான் ஊரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் அங்கே அடிபட்டிருக்கிறார் போல, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் நிறைய வருகிறது, தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கமிருந்து அதிகம். வீடியோ கால் பண்ணினால் முகத்தை மட்டும் காட்டுவார், காலைக் காட்டமாட்டார். பகல் நேரத்தில் ஆன்லைனில் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலை நாளில் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆன்லைன் என்றால் டார்மில் படுத்திருக்கிறார். சண்டை போடாதீர்கள், அழாதீர்கள், அதற்குப் பயந்துதான் மறைக்கிறார். எம்சி சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பத்திரமாக வைக்கத்தான் என்று சொல்லுங்கள். வந்ததும் மூன்றைப் பாருங்கள்: விபத்து நடந்த தேதி, எத்தனை நாள், எந்த ஆஸ்பத்திரி. தேதியைக் காலண்டரில் எழுதி அதற்கு நேர் ஒரு வருடம் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள்.